நல்ல திசு

என் இரண்டு தோள்களிலும் பள்ளம் விழுந்திருந்தது. உள்ளாடையின் பட்டை இருபத்தைந்து வருடமாக அழுத்தி உண்டாக்கிய பள்ளம். விரலை வைத்தால் பாதி விரல் உள்ளே அமுங்கும். கழுத்து வலி என்று டாக்டரிடம் சொல்லலாம், முதுகு வலி என்று சொல்லலாம். மார்பு பெரிதாக இருப்பதால் வலிக்கிறது என்று யாரிடம், எந்த வார்த்தையில் சொல்வது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

சென்ற மாதம் பள்ளி ஓய்வறையில் சக ஆசிரியை ஒருவர் கதவைச் சாத்திவிட்டு, "டீச்சர், அந்த ஆபரேஷனுக்கு எங்க போனீங்க? எப்படிக் கேட்டீங்க?" என்று மெதுவாக விசாரித்தார். அவரிடம் அரை மணி நேரத்தில் சொல்லி முடிக்க முடியாததை இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் வளர். ஸ்ரீரங்கத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு ஆசிரியை. வயது நாற்பத்திரண்டு. சொந்த ஊர் உப்பிலியபுரம். கணவர் சேகருக்கு மின்வாரியத்தில் வேலை. மகள் யாழினி பத்தாம் வகுப்பு. கரும்பலகையில் நான்காவது வரி எழுதும்போது என் வலது கை மரத்துப்போகும். ஐந்தாவது வரியை யாராவது மாணவியைக் கூப்பிட்டு எழுதச் சொல்வேன். அவர்கள் அதை எனக்கு அவர்கள்மேல் உள்ள பிரியம் என்று நினைத்தார்கள். சித்திரை, வைகாசியில் மார்பின் அடிமடிப்பில் தோல் வெந்து உரியும். பவுடர் போட்டு, பருத்தித் துணியை மடித்து வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போவேன்.

எலும்பு டாக்டர் எக்ஸ்ரே எடுத்தார். கழுத்துக்குப் பட்டை கொடுத்தார். மூன்று வருடம் மாத்திரை. கடைசியில் பிசியோதெரபி செய்த பெண்தான் ஒருநாள் கையை எடுத்துவிட்டு, "கழுத்துல குறை ஒண்ணும் இல்லைங்க. கழுத்து சுமக்கிறது அதிகம். பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டரைப் பாருங்க" என்றாள். எனக்கு முகம் சுட்டது. அது நடிகைகள் போகிற இடம் என்று நினைத்திருந்தேன்.

வீட்டில் சொன்னபோது சேகருக்குப் பிடிக்கவில்லை. "நல்லா இருக்கறதை எதுக்கு வெட்டிக்கணும்?" என்றார். இரண்டு நாள் கழித்து தைலம் தேய்த்துவிடச் சொல்லி முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். கல்யாணமாகிப் பதினேழு வருடத்தில் முதல்முறையாக அவர் விரல் அந்தப் பள்ளத்தில் நின்றது. கொஞ்ச நேரம் எடுக்கவில்லை. "இது இப்படியேவா இருக்கு?" என்று கேட்டார். அந்த வாரமே பாலத்தைத் தாண்டித் திருச்சிக்குப் போய் டாக்டரைப் பார்த்தோம்.

அறுவை டாக்டர் ஐம்பது வயதுப் பெண்மணி. "இதை அழகுக்குப் பண்றதுன்னு நினைச்சுக்காதீங்க. பக்கத்துக்கு ஒரு கிலோ அரிசிப் பையைக் கழுத்துல கட்டிக்கிட்டு இத்தனை வருஷம் பாடம் நடத்தியிருக்கீங்க" என்றார். அங்கேயே அழுதுவிட்டேன். சோகமெல்லாம் இல்லை. ஒருவர் அதை வாய்விட்டுச் சொன்னதே போதுமாக இருந்தது. அதிகப்படியான திசுவையும் கொழுப்பையும் எடுத்துவிட்டு மீதியை மேலே தூக்கித் தைப்பார்கள். அதற்கு முன் மேமோகிராம் உண்டு. மார்பை இரண்டு தட்டுகளுக்கு நடுவில் அழுத்தி எடுக்கும் எக்ஸ்ரே அது. ஸ்கேனும் எடுத்தார்கள். இரண்டிலும் குறை எதுவும் தெரியவில்லை. இன்சூரன்ஸ்காரர்கள் முதலில் அழகு சிகிச்சை என்றார்கள். டாக்டர் கடிதம் எழுதிய பிறகு ஒத்துக்கொண்டார்கள்.

பள்ளி விடுமுறையில் தேதி குறித்தோம். முதல் நாள் காலையிலேயே சேரச் சொன்னார்கள். துணைக்கு அம்மா உப்பிலியபுரத்திலிருந்து வந்திருந்தார். இரண்டு கட்டில் போட்ட அறை. நடுவில் பச்சைத் திரை. பக்கத்துக் கட்டிலில் ஜமீலா என்று ஒரு பெண். மலைக்கோட்டைக்குக் கீழே பழைய தெருவில் வீடு, கணவர் சவூதியில். எனக்கும் அவருக்கும் மறுநாள் ஆபரேஷன், அவருக்குக் காலையில், எனக்கு அதற்கு அடுத்து.

"உங்களுக்கு எந்தப் பக்கம் டீச்சர்?" என்றார்.

"ரெண்டு பக்கமும்" என்றேன்.

"யா அல்லா, ரெண்டுமா!" என்று எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு இடது மார்பில் புற்றுநோய், முழுதாக எடுக்கப்போகிறார்கள். நான் தன்னைவிட மோசமான நிலையில் இருப்பதாக நினைத்துவிட்டார். திருத்தியிருக்க வேண்டும், திருத்தவில்லை. அவர் கொடுத்த பேரீச்சம்பழத்தையும் வாங்கிச் சாப்பிட்டேன். அவர் உயிருக்குப் பயந்து வந்திருக்கிறார். நான் வலி பொறுக்காமல் வந்திருக்கிறேன் என்று எப்படிச் சொல்வது என்று இருந்தது.

மதியம் நசீமா என்ற இளம் டாக்டர் கையில் காகிதங்களோடு வந்தார். சிகிச்சைக்கு வரவில்லை, ஆராய்ச்சிக்கு. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "டீச்சர், நாளைக்கு உங்ககிட்டருந்து எடுக்கற திசுல பெரும்பகுதியைப் பரிசோதனைக்கு அனுப்புவாங்க. அது எல்லாருக்கும் செய்யறது. மிச்சத்துல கொஞ்சம் ஆராய்ச்சிக்குக் கொடுப்பீங்களான்னு கேக்க வந்தேன். இஷ்டம் இல்லைன்னா வேண்டாம். சிகிச்சையில எந்த மாற்றமும் இருக்காது" என்றார்.

"எதைப் பத்தி ஆராய்ச்சி?"

"மார்புத் திசுல இருக்கற சர்க்கரை மூலக்கூறுகளைப் பத்தி."

"எனக்குச் சுகர் இல்லையேம்மா."

சிரித்தார். "டீல போடற சர்க்கரை இல்லைங்க. நம்ம உடம்புல ஒவ்வொரு செல்லோட வெளிப்பக்கத்துலயும் சர்க்கரை மூலக்கூறுங்க சங்கிலி சங்கிலியா, கிளை விட்டு முளைச்சிருக்கும். பக்கத்துச் செல்லும் நோய் எதிர்ப்பு செல்லும் அதைத் தொட்டுப் பாத்துத்தான் இது நம்ம ஆளா, வெளியாளான்னு தெரிஞ்சுக்கும். புற்றுநோய் வந்தா அந்தச் சங்கிலி மாறிடும். ஆனா நோய் வர்றதுக்கு முன்னாடி, நல்லா இருக்கற திசுல அது எப்படி இருக்கும்? எல்லாப் பெண்களுக்கும் ஒரே மாதிரியா, இல்ல வம்சாவளிக்கு வம்சாவளி வேற வேறயா? சில வழிப் பெண்களுக்குச் சின்ன வயசுலயே, வேகமா பரவுற வகை வருது. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இன்னும் யாருக்கும் தெரியாது."

"அதுக்கு என்னோடது எதுக்கு?"

"நோய் வந்த திசு எங்களுக்கு நிறைய கிடைக்கும். நல்ல திசுதான் கிடைக்கறது இல்ல. நோயே இல்லாம யாரு மார்பை அறுத்துத் தருவாங்க? உங்களை மாதிரி இந்த ஆபரேஷனுக்கு வர்றவங்ககிட்டத்தான் கேக்க முடியும். நம்ம ஊர்ப் பெண்கள்ல அதுக்கு வர்றவங்களே ரொம்பக் குறைச்சல்."

திரைக்கு அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிட்டது. ஜமீலா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

நசீமா படிவத்தை நீட்டினார். அம்மாவின் பெற்றோர், அப்பாவின் பெற்றோர், நால்வரும் எந்த ஊர், எந்த வழி என்று எழுத வேண்டும். "சுத்தி வளைச்சு ஜாதிதானே கேக்கறீங்க?" என்றேன். பள்ளியில் இதே கேள்வியை நிரப்பி நிரப்பி எனக்கு அலுத்திருந்தது.

"ஜாதிப் பேர் வேண்டாம் டீச்சர். கல்யாணம் எந்த ஊர்களுக்குள்ள நடந்ததுன்னு தெரிஞ்சா போதும். யாரு உசத்தி யாரு மட்டம்னு இதுல வராது."

அப்பா வழியை நானே எழுதிவிட்டேன். இரண்டு பேரும் உப்பிலியபுரம் பக்கம், விவசாயக் குடும்பம். அம்மாவைப் பார்த்தேன். அம்மா சாத்துக்குடியை உரித்துக்கொண்டிருந்தார். தலை நிமிராமல், "துறையூர்ப் பக்கம்னு போட்டுக்க" என்றார். சிறு வயதிலிருந்து நான் கேட்ட பதிலும் அதுதான். அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

நசீமா எழுந்தபோது திரை விலகியது. ஜமீலா என்னைப் பார்த்து, "டீச்சர், உங்களுக்கு நோய் இல்லையா?" என்றார்.

"இல்லைங்க. வலிக்காகத்தான் பண்ணிக்கறேன். காலையிலயே சொல்லியிருக்கணும். சொல்ல வாய் வரலை."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஒரு மணி நேரம் இருக்கும். அம்மா என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு ஜமீலாவே எழுந்து, "அந்தப் பொண்ணைக் கொஞ்சம் கூப்பிடச் சொல்லுங்க" என்றார். நசீமா திரும்பி வந்தார்.

"ஏம்மா, என்னோடதுல நோய் ஒரு மூலையிலதானே இருக்கு? மிச்சமெல்லாம் நல்லதுதானே? முழுசா எடுத்து வீசத்தானே போறாங்க. அதை எடுத்துக்க மாட்டியா?"

கட்டியிலிருந்து தள்ளி இருக்கும் திசுவும் உதவும் என்றும், அதைத் தனியாகக் குறித்து வைப்பார்கள் என்றும் நசீமா சொன்னார். படிவம் வந்தது. "எங்க அத்தா வழியில துருக்கியிலருந்து வந்தவங்கன்னு சொல்லுவாங்க. அம்மா வழி புதுக்கோட்டை. துருக்கி நிஜமான்னு எனக்குத் தெரியாது. நீ சோதிச்சா எனக்கும் சொல்லு" என்றார் ஜமீலா. மூன்று பேரும் சிரித்தோம். அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

மறுநாள் ஆபரேஷன் நாலு மணி நேரம். விழித்தபோது இரண்டு பக்கமும் ஒவ்வொரு குழாய், அதன் முனையில் ரத்த நீர் வடிய ஒவ்வொரு பிளாஸ்டிக் புட்டி. வலது பக்கம் 680 கிராம், இடது பக்கம் 740 கிராம் எடுத்ததாக டாக்டர் சொன்னார். ஒன்றரைக் கிலோவுக்கு எண்பது கிராம் குறைவு என்று மயக்கத்திலும் கணக்குப் போட்டேனாம். சேகர் இன்னமும் சொல்லிச் சிரிப்பார்.

புட்டிகளில் சேரும் நீரை வேளாவேளைக்கு அளந்து எழுத வேண்டும். சேகர் மீட்டர் ரீடிங் எடுப்பது போலக் கண் மட்டத்துக்குக் குனிந்து பார்த்து எழுதினார். வீட்டுக்கு வந்த பிறகு கையை மேலே தூக்கக் கூடாது என்பதால் யாழினி தலைவாரிவிட்டாள். நான் அவளுக்குப் பின்னிவிடுவதுபோலவே இறுக்கமான ரெட்டைப் பின்னல். அந்தக் கோலத்தோடுதான் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் பேசினேன். எல்லாவற்றுக்கும் மேலாக, நிமிர்ந்து உட்கார முடிந்தது. கழுத்து என்னுடையதாக இருந்தது.

பன்னிரண்டாம் நாள் தையல் பிரிக்கப் போனபோது டாக்டர் கதவைச் சாத்தினார். பரிசோதனை முடிவு வந்திருந்தது. வலது பக்கத்தில் ஒன்றும் இல்லை. இடது பக்கத்தில் ஓர் இடத்தில் பால்குழாயின் உட்சுவரில் இருக்கும் செல்கள் ஒழுங்கு தவறி, நெருக்கியடித்து வளர்ந்திருந்தன.

"இது புற்றுநோய் இல்ல. முதல்ல அதைக் கேட்டுக்குங்க. ஆனா இப்படி இருக்கறவங்களுக்குப் பின்னால வர்றதுக்கு வாய்ப்பு மத்தவங்களைவிடக் கொஞ்சம் கூட. அந்த இடம் ஏற்கெனவே வெளிய வந்தாச்சு. இனிமே வருஷா வருஷம் மேமோகிராம் எடுத்துப் பாக்கணும்" என்றார். பிறகு பேனாவை எடுத்தார். "குடும்பத்துல யாருக்காவது மார்புல புற்றுநோய் இருந்திருக்கா? அம்மா, அம்மாவோட அக்கா தங்கச்சி?"

"அம்மா ஒரே பொண்ணு டாக்டர். யாருக்கும் இல்ல" என்றேன்.

அருகில் உட்கார்ந்திருந்த அம்மா என் முழங்கையைப் பிடித்தார். "இருந்துச்சுங்க" என்றார் டாக்டரைப் பார்த்து. "எனக்கு அக்கா ஒருத்தி இருந்துச்சு. முப்பத்தாறு வயசுல மார்ல புண்ணு வந்து செத்துப்போச்சு. ஆறு மாசத்துல முடிஞ்சிருச்சு."

நாற்பத்திரண்டு வருடத்தில் எனக்கு ஒரு பெரியம்மா இருந்ததே அன்றுதான் தெரியும்.

வெளியே நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்து அம்மா சொன்னார். அம்மா துறையூர்ப் பக்கம் இல்லை, பச்சைமலையின் மேலே பிறந்தவர். அப்பா விரும்பிக் கட்டிக்கொண்டார். மலைக்காரப் பெண் என்று ஊருக்குத் தெரியக் கூடாது, பிறந்த வீட்டார் வாசல் மிதிக்கக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் அப்பாவின் வீட்டில் சேர்த்துக்கொண்டார்கள். அக்கா ஒருமுறை பலாப்பழத்தைத் தலையில் சுமந்து இறங்கி வந்திருக்கிறார். வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டு திருப்பி அனுப்பிவிட்டார்கள். அக்கா இறந்த சேதி முப்பது நாள் கழித்துத்தான் அம்மாவுக்கு வந்தது.

"அன்னிக்கு அந்தப் பொண்ணு எழுதச் சொன்னப்பவே நெஞ்சை அடைச்சுச்சு வளர். அந்த அம்மா துருக்கின்னு தைரியமா சொல்லுது. நான் பக்கத்துல இருக்கற மலையைச் சொல்ல மாட்டேங்கறேன்" என்றார். "உனக்குக் கெட்டதைக் கொடுத்தது எங்க வழிதானோ?"

அந்தக் கேள்வியை நான் நசீமாவிடமே கேட்டேன். அம்மாவையும் கூட்டிக்கொண்டு மூன்றாவது மாடியில் இருந்த ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போனேன். "ஒரு பெரியம்மாவை வச்சு ஒரு வழியையே சொல்ல முடியாதும்மா. உங்க மலைப் பக்கத்துப் பெண்களோட திசுவை யாராவது இதுவரைக்கும் பாத்திருப்பாங்களான்னே எனக்குத் தெரியாது. அதனாலதான் சரியா எழுதணும்ங்கறோம்" என்றார் நசீமா. 'துறையூர்' என்று நான் எழுதியிருந்ததை அடித்துவிட்டு, பக்கத்தில் 'பச்சைமலை' என்று எழுதினேன். திருத்தத்துக்குக் கீழே கையெழுத்து கேட்டார். நான் போட்டேன். அம்மாவும் போட்டார். அம்மாவின் கையெழுத்துக்கு அங்கே அவசியம் இல்லை. நசீமா தடுக்கவில்லை.

"இடது பக்கத்தை இனிமே நல்ல திசுன்னு கணக்குல வச்சுக்க முடியாது டீச்சர். வலது பக்கம் இருக்கும்" என்றும் சொன்னார். ஒரு தாளில் தேறாத மாணவி மாதிரி எனக்கு ஏமாற்றமாக இருந்தது. இதற்குப் போய் ஏமாற்றமா என்று படி இறங்கும்போது என்னையே கேட்டுக்கொண்டேன்.

பெரியம்மாவுக்கு ஒரு மகள் உண்டு. பெயர் பொன்னி, என்னைவிட மூன்று வயது மூத்தவர். அவரும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று டாக்டர் அழுத்திச் சொன்னார். யாழினிக்கு இப்போது அவசரம் இல்லை, வளர்ந்த பிறகு வழக்கத்தைவிடச் சீக்கிரமே ஆரம்பித்தால் போதும் என்றார். பொன்னியை எங்கே போய்த் தேடுவது என்று நான் யோசித்தபோது அம்மா, "தேட வேண்டாம். வாரச் சந்தையில மரவள்ளிக்கிழங்கு விக்கும். இத்தனை வருஷமா அதுகிட்டத்தான் வாங்கறேன்" என்றார். ஊருக்குப் போகும்போதெல்லாம் நான் தின்ற கிழங்கு.

சந்தையில் பேசுகிற விஷயம் இல்லை என்று, ஆபரேஷன் முடிந்த எட்டாவது வாரம் நானும் அம்மாவும் மலைக்குப் போனோம். உப்பிலியபுரத்தில் புறப்படுவதற்கு முன் அப்பாவின் அக்கா, அடுத்த வீட்டு அத்தை, "எங்க கிளம்பிட்டீங்க?" என்று கேட்டார். "எங்க வீட்டுக்கு" என்றார் அம்மா. பஸ் வளைந்து வளைந்து ஏறியது. ஒவ்வொரு வளைவிலும் நான் மார்பைக் கையால் தாங்கிக்கொண்டேன். இன்னும் உள்ளே இழுத்துப் பிடித்த மாதிரிதான் இருந்தது.

பொன்னி வீட்டு முன்னால் கிழங்கு வெட்டிப் போட்டுக்கொண்டிருந்தார். அம்மாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. என்னைப் பார்த்ததும் அந்த மலர்ச்சி போய்விட்டது. நான் வந்த காரணத்தை வகுப்பு எடுப்பதுபோல நேராகச் சொல்லி முடித்தேன். அது தப்பு.

"சந்தையில என் எதிர்ல எத்தனை தடவை நடந்து போயிருக்க தெரியுமா?" என்றார். "இவதான் என் சின்னம்மா பொண்ணுன்னு நானே மத்தவங்ககிட்டச் சொல்லாம இருந்தேன். இன்னிக்கு, எனக்கு வியாதி இருக்கான்னு பாக்க வந்திருக்கியா? எங்கம்மா சாகறப்ப ஒருத்தரும் வரலை."

எனக்குத் தெரியாது என்று சொல்லலாம். உண்மைதான். ஆனால் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அம்மா பொன்னியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "திட்டு. அவளுக்கு ஒண்ணும் தெரியாது, என்னைத் திட்டு. திட்டி முடிச்சிட்டு பஸ்ஸுல ஏறு. உங்கம்மாவை விட்டுட்டேன். உன்னை விட மாட்டேன்."

பொன்னி வெகுநேரம் கிழங்கையே வெட்டிக்கொண்டிருந்தார். பிறகு கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "அந்த மிஷின் வலிக்குமா?" என்று என்னைக் கேட்டார்.

"வலிக்கும்க்கா. ஒரு நிமிஷந்தான். நான் கூட இருக்கேன்."

அடுத்த வாரம் பொன்னி திருச்சிக்கு வந்தார். காத்திருக்கும் இடத்தில் எதிர்பாராமல் ஜமீலாவைப் பார்த்தோம். மூன்றாவது கீமோ முடிந்திருந்தது. தலையில் இறுக்கிக் கட்டிய துணி. இளைத்திருந்தார். என்னை நிமிர்த்தி நிறுத்திப் பார்த்துவிட்டு, "நெட்டையாயிட்டீங்க டீச்சர்" என்றார். பொன்னியைக் காட்டி, "இவங்க யாரு?" என்று கேட்டார். பெரியம்மா மகள் என்றேன். "நடுங்குறாங்களே" என்று சொல்லிப் பொன்னியின் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பெயர் கூப்பிடும்வரை விடவில்லை.

பொன்னியின் மேமோகிராமில் சிறிதாக ஒரு நிழல் தெரிந்தது. ஸ்கேன் செய்தார்கள், ஊசி போட்டு அங்கிருந்து கொஞ்சம் எடுத்துச் சோதித்தார்கள். முடிவுக்காகக் காத்திருந்த ஐந்து நாளும் பொன்னி ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டில் இருந்தார். அதிகம் பேசவில்லை. யாழினிக்குத் தலைவாரிவிட்டார். சேகர் அவருக்காகத் தினமும் சாயங்காலம் மல்லிகைப்பூ வாங்கி வந்தார். மூன்றாம் நாள் அம்மாவும் அவரும் சமையலறையில் எதற்கோ சத்தமாகச் சண்டை போட்டார்கள். எனக்கு அது நிம்மதியாக இருந்தது.

சாதாரண நீர்க்கட்டி என்று முடிவு வந்தது. பயம் இல்லை. ஆனால் தாய்க்கு வந்திருப்பதால் அவரும் வருடத்துக்கு ஒருமுறை வர வேண்டும்.

அடுத்த வருடத்துக்கான தேதியை வரவேற்பில் இருந்த பெண் கணினியில் பார்த்தாள். எனக்கு மே மாதத்தில் ஒரு தேதி கொடுத்தாள். பொன்னிக்கு ஜூலையில் என்றாள்.

பொன்னி கவுன்ட்டரில் கையை ஊன்றிக்கொண்டு, "அதெல்லாம் வேணாம்மா. எங்க ரெண்டு பேருக்கும் ஒரே நாள் போடு" என்றார்.

"நீங்க ஒரே குடும்பமாம்மா?" என்று அந்தப் பெண் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"ஆமா, இவ என் தங்கச்சி" என்றார் பொன்னி. "நாங்க மலைக்காரங்க."

அந்தப் பெண் தட்டச்சு செய்தாள். மே மாதம், இரண்டு பேருக்கும், காலை பத்து மணி.